துணிவுக்கு முன்னால் சான்று

இந்தியாவில் இதழியல் முதன்முதலாக ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட இடம் சென்னை அடையாறு. 1920-இல் அன்னி பெசன்ட் அம்மையார் அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் அந்த வகுப்பைத் தொடங்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1910-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டப்படி அவருடைய ‘நியூ இந்தியா’ நாளேட்டிடம் ஆங்கில அரசு 2,000 ரூபாய் பிணைத்தொகை கேட்டது. கட்டிய தொகையைப் பறிமுதல் செய்தது. பிறகு 10,000 ரூபாய் கேட்டது. 1917 ஜூன் மாதத்தில் அவரை உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. பிணைத்தொகையைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகை ஆசிரியர்தான் இந்த நாட்டில் இதழியல் வகுப்பைத் தொடங்கி வைத்தார். பத்திரிகைச் சுதந்திரம் அச்சுறுத்தலில் இருக்கும்போது இதழியலை எப்படிக் கற்பிப்பது என்று இன்று நாம் கேட்கிறோம். நம் இதழியல் கல்வியே அந்தக் கேள்விக்குள்தான் பிறந்தது. அமைதிக் காலத்தில் வகுத்த பாடத்திட்டத்தை ஆபத்துக் காலத்துக்கு ஏற்பத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கினால் முதலடியிலேயே பிசகிவிடுவோம்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக ஒரு விடை சொல்லப்படுகிறது: மாணவர்களுக்குத் துணிவைக் கற்பிக்க வேண்டும். சிறை சென்ற ஆசிரியர்களின் வரலாறு சொல்லப்படுகிறது. சொல்லத்தான் வேண்டும். ‘சுதேசமித்திரன்’ நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் 1908-இல் கைதானார். அதே ஆண்டில் பாரதியாரின் ‘இந்தியா’ வார ஏட்டின் மீது அரசத்துரோக வழக்கு வந்தபோது, பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றுவிட, சட்டப்படி பொறுப்பாளராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் ஐந்து ஆண்டு தண்டனை பெற்றார். ஏட்டின் கடைசிப் பக்க அடியில் பொடி எழுத்தில் வரும் அந்த ஒற்றை வரியில் யார் பெயர் இருந்ததோ அவர் சிறைக்குப் போனார். இந்த வரலாற்றை மாணவர் கேட்டால் நெஞ்சு நிமிரும். ஆனால் மறுநாள் காலை தாலுகா அலுவலகத்தில் ஒரு பட்டா மாறுதல் முறைகேட்டைப் பற்றி எழுத உட்காரும்போது அந்த நிமிர்ந்த நெஞ்சு மட்டும் அவருக்கு உதவாது. துணிவைப் பாடமாக நடத்தித் தேர்வு வைக்க முடியாது; சான்று திரட்டுவதைப் பாடமாக நடத்த முடியும். அச்சுறுத்தல் மிகுந்த காலத்தில் இதழியல் வகுப்பறை முதலிடம் தர வேண்டியது சரிபார்க்கும் ஒழுக்கத்துக்கே என்பதுதான் இந்த உரையில் நான் நிறுவ விரும்புவது.

முதலில் அச்சுறுத்தல் இன்று எந்த வடிவில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பன்னாட்டுத் தரவரிசைகளில் இந்தியா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதை நான் வாதமாக வைக்கப் போவதில்லை. அந்தக் கணக்கின் முறை பற்றியே சர்ச்சை உண்டு. அது இல்லாமலே வழக்கை நடத்தப் போதுமான செய்திகள் நம் வாசலில் கிடக்கின்றன. நெருக்கடி நிலைக் காலத்தில் தணிக்கை அதிகாரி அச்சுப்படியை வாங்கிப் பார்த்து வரிகளை அடித்தார். இன்று யாரும் அப்படி வந்து அடிப்பதில்லை. வழக்கு வருகிறது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட பட்டியலின்படி, ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாடு அரசின் சார்பில் தொடரப்பட்ட அவதூறு வழக்குகள் 200-க்கு மேல். அவற்றில் 50-க்கு மேல் ஊடகங்கள் மீதானவை. அதே 2016-இல் அவதூறைக் குற்றமாக்கும் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்படித் தொடரப்பட்ட வழக்குகளில் ஒரு தொகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்தில் ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் வந்த தாளை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும் அஞ்சல்காரராக இருக்கக் கூடாது, தானே சிந்தித்து முடிவெடுக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அந்த வழக்குகள் முடிய ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆயின. வாய்தா, வழக்கறிஞர் கட்டணம், விடுப்பு, பயணம் எல்லாம் தீர்ப்புக்கு முன்பே தண்டனையாகிவிடுகின்றன.

இந்தத் தண்டனையைத் தாங்கும் வலிமை எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. பெரிய நாளேட்டுக்குச் சட்டப் பிரிவு இருக்கிறது. ஊர்ப்புறத்துப் பகுதிநேர நிருபருக்குப் பல நேரங்களில் நியமனக் கடிதமே இருப்பதில்லை. செய்திக்கு இவ்வளவு என்று பணம், அதோடு சந்தாவும் விளம்பரமும் பிடித்துத் தர வேண்டிய கட்டாயம். வழக்கு வந்தால் ‘அவர் எங்கள் ஊழியர் அல்லர்’ என்று நிறுவனம் கைகழுவிவிட முடியும். அடியும் அவர்மீதுதான் முதலில் விழுகிறது. 2024 ஜனவரியில் பல்லடம் பக்கத்தில் ஒரு தொலைக்காட்சி நிருபர், தன்னைச் சிலர் பின்தொடர்கிறார்கள் என்று காவல்துறையை மீண்டும் மீண்டும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். உதவி வருவதற்குள் வெட்டப்பட்டார். 2025 ஜனவரி தொடக்கத்தில் சத்தீஸ்கரின் பீஜாப்பூரில் முகேஷ் சந்திராகர் என்ற நிருபரின் உடல், ஓர் ஒப்பந்ததாரருக்குச் சொந்தமான இடத்தில் கழிவுநீர்த் தொட்டிக்குள் கிடைத்தது. அவர் எழுதியது ஒரு சாலைப் பணியின் தரத்தைப் பற்றி. கொல்லப்படும் செய்தியாளர்கள் பெரும்பாலும் தலைநகரத்து விவாத மேடைகளில் இருப்பவர்கள் அல்லர். ஒப்பந்தம், மணல், நிலம், ஊராட்சிக் கணக்கு ஆகியவற்றின் பக்கத்திலேயே குடியிருந்து எழுதுகிறவர்கள். நம் கல்லூரிகள் யாரை மனத்தில் வைத்துப் பாடம் நடத்துகின்றன என்பதை இந்த இடத்திலிருந்து கேட்க வேண்டும்.

இனி சட்டம் செய்தியாளரிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று பாருங்கள். 1994-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய ராஜகோபால் வழக்குத் தீர்ப்பு தமிழ் இதழியல் இந்திய அரசமைப்புச் சட்டத்துக்கு ஈட்டித்தந்த சொத்து. தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை அதிகாரிகள் தடுக்க முயன்றபோது ராஜகோபாலை ஆசிரியராகக் கொண்ட ‘நக்கீரன்’ இதழ் நீதிமன்றம் போனது. எழுதப்போவதை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. இது பலருக்குத் தெரிந்த பகுதி. அதிகம் பேசப்படாத பகுதி அடுத்து வருகிறது. பொது ஊழியரின் பணி தொடர்பான செயலைப் பற்றி எழுதிய செய்தியில் பிழை இருந்தாலும், நியாயமான அளவுக்குச் சரிபார்த்த பிறகே எழுதினோம் என்று இதழ் காட்டினால் போதும். பொய் என்று தெரிந்தோ, உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமலோ எழுதியிருந்தால்தான் இழப்பீட்டுப் பொறுப்பு. எழுதியது எல்லாம் முழு உண்மையாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்கவில்லை. சரிபார்த்தாயா என்றுதான் கேட்டது. குற்றவியல் அவதூறிலும் இதே கேள்விதான் வேறு உடையில் வருகிறது. இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்குகளில் பல ‘நல்லெண்ணம்’ என்ற சொல்லின் மேல் நிற்கின்றன. அந்தச் சொல்லுக்கு நாம் அன்றாடம் கொள்ளும் பொருள் வேறு, சட்டம் தரும் பொருள் வேறு. உரிய அக்கறையும் கவனமும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்கிறது சட்டம். மனம் தூய்மையாக இருந்தது என்று கூண்டில் நின்று சொல்வதால் பயனில்லை. யாரிடம் கேட்டாய், எந்தத் தாளைப் பார்த்தாய், மறுதரப்புக்கு எப்போது அழைத்தாய், குறிப்பேடு எங்கே என்பதற்கு விடை வேண்டும். விதிவிலக்கு தனக்குப் பொருந்தும் என்று நிறுவும் சுமையும் எழுதியவர் மேல்தான்.

வகுப்பறையில் இதை எப்படிக் கற்பிப்பது என்பதற்கு ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்கிறேன்: முதல் தகவல் அறிக்கை, பேச்சு வழக்கில் எஃப்ஐஆர். ஒவ்வொரு குற்றச் செய்தியும் அதிலிருந்துதான் புறப்படுகிறது. மாணவர்கள் அதன் கடைசியில் இருக்கும் கதைப் பகுதியை மட்டும் படித்து, ‘போலீஸ் தரப்பில் கூறப்படுவதாவது’ என்று தொடங்கிவிடுகிறார்கள். கட்டம் கட்டமாகப் படிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சம்பவம் நடந்த நாளும் நேரமும் ஒரு கட்டத்தில். காவல் நிலையத்துக்குத் தகவல் கிடைத்த நாளும் நேரமும் அதற்கடுத்த கட்டத்தில். இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? காலதாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, அல்லது காலியாக விட்டிருக்கிறதா? தகவல் எழுத்தில் வந்ததா, வாய்மொழியாகவா? நிலையத்திலிருந்து சம்பவ இடம் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவு? புகார் கொடுத்தவரே காவல் அதிகாரியா? அறிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நேரம் என்ன? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய துணிவு வேண்டாம். ஒரு பேனாவும் அரை மணி நேரமும் போதும். ஆனால் கேட்டு முடிக்கும்போது அந்தத் தாள் வேறொரு தாளாகத் தெரியும்.

அந்தத் தாளே பொய் சொல்வதும் உண்டு. சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று, பின்னர் காவலில் இறந்துபோன ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல்துறை அழைத்துச் சென்றது. எஃப்ஐஆரில், அவர்கள் தரையில் உட்கார்ந்து புரண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. பக்கத்துக் கடையின் கண்காணிப்புக் கேமராப் பதிவு வெளியே வந்தபோது அப்படி ஒன்றும் அங்கே நடக்கவில்லை என்பது தெரிந்தது. எஃப்ஐஆரை மட்டும் வைத்து எழுதப்பட்ட எந்தச் செய்தியும் அன்று பொய்யைத்தான் சுமந்திருக்கும். எழுதியவர் நேர்மையானவராக இருந்திருந்தாலும் அப்படித்தான். அந்தப் பொய்யை உடைத்தது ஆவேசமான தலையங்கம் அல்ல. கடைவீதியில் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்த கண். ‘தப்பியோட முயன்றபோது தவறி விழுந்து கை முறிந்தது’ என்ற வரியும், மாவுக்கட்டோடு நிற்கும் ஒருவரின் படமும் நம் செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்து சேர்வது வாடிக்கையாகிவிட்டது. அந்த வரியை அப்படியே அச்சில் ஏற்றக் கூடாது என்பதை ஒரு மாணவர் முதல் பருவத்திலேயே கற்றுவிட வேண்டும். பக்கத்துக் கடையில் கேமரா உண்டா, மருத்துவமனைப் பதிவேட்டில் என்ன இருக்கிறது, காவலில் வைக்க உத்தரவிட்ட நீதித்துறை நடுவர் முன் அந்த ஆள் என்ன சொன்னார் என்று தேடும் பழக்கம் அப்போது தானாக வரும். அப்படிக் கிடைக்கும் காணொளியை எப்படிக் காப்பது என்பதும் பாடம்தான். வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பிரதி செய்திக்கு வழிகாட்டலாம். நீதிமன்றத்தில் அதற்கு மதிப்புக் குறைவு. மூலப் பதிவு எந்தக் கருவியில் இருக்கிறது, யார் எடுத்தது, எப்போது நகலெடுக்கப்பட்டது என்ற விவரங்களோடு சான்றிதழ் கேட்கிறது இன்றைய சாட்சியச் சட்டம். இதைச் செய்முறையாகச் செய்து பார்க்காத மாணவர் பட்டம் வாங்கி வெளியே வரக் கூடாது.

சரிபார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாடே சான்று. 2023 மார்ச் மாதத்தில், வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று வதந்தி பரவியது. வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் காணொளிகள் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. சமூக ஊடகத்தோடு நிற்காமல் அது நாளேட்டுச் செய்தியாகவும் வந்தது. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். திருப்பூர் காவல்துறையிடம் ஒரு முறை தொலைபேசியில் விசாரித்திருந்தால் அந்தக் காணொளிகளின் தேதியும் ஊரும் வெளிப்பட்டிருக்கும். அடுத்து நடந்ததுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. வதந்தி பரப்பிய ஒரு யூடியூபர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமே ஏவப்பட்டது. அந்தக் காவலைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் ரத்து செய்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் என்ற ஓர் அமைப்பை உருவாக்கியது. ஒன்றிய அரசும் தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே முடிவுசெய்யும் ஓர் அமைப்புக்குத் தகவல் தொழில்நுட்ப விதிகளில் இடம் தேடியது. 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்றது. செய்தியாளர் விட்ட இடத்தை அரசு பிடிக்கிறது. பத்திரிகை தன் வேலையான சரிபார்ப்பைச் செய்யாதபோது, உண்மை எது என்று சொல்லும் நாற்காலியில் அமைச்சகம் வந்து உட்காருகிறது. பொதுமக்களும் அதை வரவேற்கிறார்கள். சுதந்திரம் பறிபோகும் வழிகளில் இதுவும் ஒன்று, எளிதில் கண்ணில் படாத வழி.

செய்தியாளரின் பொறுப்பு ஒருபுறம், அரசின் கை மறுபுறம் என்ற இந்த இரட்டை முனையை ஒரே நிகழ்ச்சியில் பார்க்க வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழக வழக்கைப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் கொடுமை பற்றிய எஃப்ஐஆர், அவருடைய அடையாளத்தோடு காவல்துறையின் இணையதளத்திலேயே பார்வைக்கு வந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. விசாரிக்க நீதிமன்றம் அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு, அதை இறக்கிப் பார்த்த செய்தியாளர்கள் சிலரை அழைத்து அவர்களுடைய கைபேசிகளைப் பறிமுதல் செய்தது. சென்னைப் பத்திரிகையாளர் மன்றம் நீதிமன்றம் சென்றது; 2025 பிப்ரவரியில் கைபேசிகளைத் திருப்பித் தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த வழக்கை வகுப்பில் நடத்தும்போது இரண்டு பக்கங்களையும் ஒரே மூச்சில் நடத்த வேண்டும். பொது ஆவணம் எதையும் வெளியிடலாம் என்று சொன்ன அதே ராஜகோபால் தீர்ப்பு, பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் பெயர் அதற்கு விலக்கு என்றும் சொல்லியிருக்கிறது. கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக ஒரு பெண்ணின் அடையாளத்தைப் பகிரும் உரிமை எவருக்கும் கிடையாது. மறுபக்கம், ஒரு செய்தியாளரின் கைபேசி என்பது அவரை நம்பிப் பேசிய அத்தனை பேரின் பெயர்ப் பட்டியல். செய்தி தந்தவர் யார் என்று சொல்ல மறுக்கும் உரிமை நம் நாட்டில் பத்திரிகை கவுன்சிலின் விசாரணையில் மட்டுமே உண்டு, நீதிமன்றத்தில் இல்லை. அந்தப் பாதுகாப்பைச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 1983-இலேயே தன் 93-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2023-இல் சாட்சியச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் அது சேரவில்லை. சட்டம் தராத பாதுகாப்பைத் தொழில் ஒழுங்குதான் தர வேண்டும்: எந்தப் பெயரைக் கைபேசியில் வைக்கலாம், எதைக் கையால் எழுதி வேறிடத்தில் வைக்க வேண்டும், பறிமுதல் செய்யும்போது என்ன ரசீது கேட்க வேண்டும் என்பவை எல்லாம் இனிப் பாடங்கள்.

இப்படிச் சொன்னால் எழும் மறுப்புகளை நான் அறிவேன். முதல் மறுப்பு: சட்டத்தையும் சான்றையும் முதலில் வைத்தால் மாணவர்கள் பயந்தாங்கொள்ளிகளாக வெளியே வருவார்கள், எழுதும் முன்பே தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்வார்கள். சுயதணிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால் இந்த மறுப்பு நிற்காது. ‘கேஸ் போட்டுருவாங்க’ என்ற ஒரு சொல் செய்தி அறையில் எத்தனையோ செய்திகளைக் கொன்றிருக்கிறது. எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில், எதற்காக என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நீதிமன்ற நடவடிக்கையை உள்ளது உள்ளபடி வெளியிடுவது அவதூறாகாது என்றும், பொது ஊழியரின் பொதுப்பணி பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதும் ஆகாது என்றும் தெரிந்த ஒருவர் அந்தச் சொல்லுக்கு மடங்கமாட்டார். கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் அதன் விளிம்பு வரை போவார். தெரியாதவர்தான் பத்தடி தள்ளி நிற்பார். கோடே வரையப்படாத இடங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சட்டமன்ற உரிமை மீறல் அப்படிப்பட்டது. 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எது உரிமை மீறல் என்று வரையறுக்கும் சட்டம் இன்று வரை எழுதப்படவில்லை. இதையும் அறிந்து வைத்திருப்பது அச்சமாகிவிடாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. சித்திக் காப்பன் என்ற கேரளச் செய்தியாளர் 2020 அக்டோபரில், உத்தரப் பிரதேசத்தின் ஹத்ராஸில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை பற்றி எழுத அங்கே போகும் வழியிலேயே கைது செய்யப்பட்டார். ஹத்ராஸைப் பற்றி ஒரு வரியும் அவர் அப்போது எழுதியிருக்கவில்லை. வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். எழுதாத செய்திக்கு என்ன சான்று திரட்டுவது? அரசு ஒருவரைப் பிடிக்க முடிவெடுத்துவிட்டால் குறிப்பேடும் மறுதரப்பு விளக்கமும் என்ன செய்யும்? இந்த மறுப்பில் உள்ள உண்மையை நான் முழுவதும் ஏற்கிறேன். சான்று ஒருவரைக் கைதிலிருந்து காக்கும் என்று எந்த ஆசிரியரும் மாணவருக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது, அது பொய். ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். காப்பன் கைதான மறுநாளே கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டது. ‘நியூஸ்கிளிக்’ செய்தித் தளத்தின் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தாவை 2024 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது, கைதுக்கான காரணங்கள் எழுத்தில் அவருக்குத் தரப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் போன்ற கடுஞ்சட்டத்தையும் ஒரு தாள் இல்லாமை தோற்கடித்தது. கைதானால் எந்தத் தாளைக் கேட்க வேண்டும், வீட்டில் இருப்பவர் முதலில் எந்தச் சங்கத்தின் எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பதும் இதழியல் கல்விதான். சான்றொழுக்கம் இன்னொரு வகையிலும் காக்கிறது. நம்பத்தகுந்த செய்தியாளர் கைதானால் ஊர் கேட்கும். காசு வாங்கிச் செய்தி போடுகிறார் என்று பேரெடுத்தவர் கைதானால், கைது அநியாயமாகவே இருந்தாலும், தெருவில் ஒருவரும் நிற்கமாட்டார். தேர்தல் காலத்துக் கட்டணச் செய்திகளால் நம் ஊடகங்கள் இழந்த நம்பிக்கைதான் இன்று அவற்றை ஒடுக்குவதை இவ்வளவு சுலபமாக்கியிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு பெற்றோரிடமிருந்தும் நிர்வாகங்களிடமிருந்தும் வருகிறது: வேலை எங்கே இருக்கிறது, ஊடகங்கள் முதலாளிகள் கையில், அரசு விளம்பரத்தை நம்பி நடப்பவை, இந்தப் பயிற்சியை யார் கேட்கிறார்கள்? கேள்வி நியாயமானது. ஒரு நாளேட்டின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாடமாக்குங்கள் என்பதைத் தவிர இதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை. ஆனால் ஆவணம் படிக்கத் தெரிந்தவருக்கு எந்த வேலையிலும் மதிப்பு உண்டு. படிக்கத் தெரியாத செய்தியாளருக்கு இந்த வேலையிலேயே மதிப்பில்லை.

நம் வகுப்பறைகள் இன்று இருக்கும் நிலையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. தமிழ்நாட்டில் விஸ்காம் என்று அழைக்கப்படும் காட்சித் தொடர்பியல் படிப்பு ஏராளமான கல்லூரிகளில் இருக்கிறது. இதழியலுக்கென்று தனித் துறை வைத்திருப்பவை மிகக் குறைவு. ஊடகச் சட்டம் ஒரு பருவத்தின் ஒரு தாள். சட்டத்தின் பெயர், ஆண்டு, நான்கு அம்சங்கள் என்று மனப்பாடம் செய்து எழுதித் தேறிவிடலாம். மாணவர் நடத்தும் பயிற்சி இதழில் கல்லூரி ஆண்டு விழாவும் ஊர்த் திருவிழாவும் வருகின்றன. அதே கல்லூரியின் கட்டண விவரமும் விடுதிக் குடிநீரும் வருவதில்லை. தன் வளாகத்தைப் பற்றி எழுத விடாத நிறுவனம் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிக் கருத்தரங்கம் நடத்துவதால் மாணவர் கற்றுக்கொள்வது ஒன்றே: எதை எழுதக் கூடாது என்பதை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் என்ற அந்த எளிய கருவியைக் கையில் எடுத்து ஒரு மனுவாவது போடாமல் இதழியல் பட்டம் பெற்றுவிட முடிகிறது. அந்தக் கருவியும் மழுங்கிக்கொண்டிருக்கிறது. 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற நிலைக்கு வழிவிட்டது. முந்தைய வரைவுகளில் இருந்த இதழியல் பணிக்கான விலக்கும் இந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்று சொல்லும் 8(2) பிரிவு மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்தப் பிரிவைச் சுட்டி மேல்முறையீடு எழுதத் தெரிந்த ஒரு தலைமுறை வேண்டும்.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்களிடமும் கல்லூரி நிர்வாகிகளிடமும் ஒரு கோரிக்கை. சட்டத் தாளை முதல் பருவத்துக்குக் கொண்டு வாருங்கள். அதை நடத்த ஒரு வழக்கறிஞரையும் மாவட்டத்தில் பணியாற்றும் ஒரு பகுதிநேர நிருபரையும் சேர்த்து அழையுங்கள். பயிற்சி இதழை மதிற்சுவருக்கு வெளியே அனுப்புங்கள். அதில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் பின்னால் ஒரு கோப்பு இருக்கட்டும், கோப்பில் ஆவண நகலும் குறிப்பேட்டுப் பக்கமும் மறுதரப்பிடம் கேட்ட தேதியும் நேரமும் இருக்கட்டும், மதிப்பெண்ணில் பாதியை அந்தக் கோப்புக்குக் கொடுங்கள். செய்தி எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் முதல் நாள் என ஆண்டுக்கு ஆறு முறை அங்கே கிராம சபை கூட வேண்டும். வரவு செலவுக் கணக்கை மக்கள் முன் வாசிக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் மாணவரை ஒரு குறிப்பேட்டோடு அனுப்பி வையுங்கள்.